வேண்டுமென்று நெய்த கோடு

எங்கள் மில்லில் துணியில் குறை விழுந்தால் அதை நெய்தவன் தலையிலேயே கட்டிவிடுவார்கள். சம்பள நாளில் ஜன்னலுக்கு முன்னால் வரிசையில் நிற்க வேண்டும். ஒரு கையில் மிச்சச் சம்பளம் வரும், இன்னொரு கையில் துணி வரும். அந்தத் துணிக்கு முழு விலையைச் சம்பளத்தில் முன்னாலேயே பிடித்திருப்பார்கள். அதே மாதிரிக் குறைத்துணி மில் வாசலில் இருந்த கடையில் பாதி விலைக்குக் கிடைத்தது. இது எல்லோருக்கும் தெரியும். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இப்படித்தான் என்று மேஸ்திரிகள் சொல்வார்கள். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

ஐம்பத்தாறாம் வருஷம் பிப்ரவரி மாதம் சம்பள ஜன்னலில் துணியை வாங்க மாட்டேன் என்று ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர்தான் ரெமிஜியஸ். பின்னால் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். ஜன்னலுக்கு உள்ளே இருந்த குமாஸ்தா துணியை அவர் தோளில் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்தவனைக் கூப்பிட்டான்.

ரெமிஜியஸும் நானும் நிரந்தர இரவு ஷிஃப்ட். அவருடைய தறிகளுக்குப் பின்வரிசையில் என் தறிகள். அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். பெங்களூர் காக்ஸ் டவுனில் சர்ச்சுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தார். நான் இன்டர்மீடியட்டைப் பாதியில் விட்டுவிட்டு மில்லுக்கு வந்தவன். பிராமணப் பையன் என்பதால் மில்லில் என்னைச் சாமி என்று கூப்பிடுவார்கள். மரியாதையும் கிண்டலும் அதில் பாதிக்குப் பாதி.

மற்றவர்கள் ஒரு இழை அறுந்தால் கொஞ்ச தூரம் ஓடட்டும் என்று விட்டுவிடுவார்கள். நீளத்துக்குத்தான் கூலி. தறி நின்றால் கூலி நிற்கும். ரெமிஜியஸ் விட மாட்டார். நிறுத்திக் கட்டிவிட்டுத்தான் ஓட்டுவார். அதனால் எல்லோரையும்விடக் குறைவாகத்தான் சம்பாதித்தார். அவர் துணியில் குறை விழாது என்பது மில் முழுக்கத் தெரிந்த விஷயம். அவருக்கே அது கொஞ்சம் அதிகமாகத் தெரியும். யாராவது நன்றாக நெய்திருக்கிறாய் என்று சொன்னால்கூட, உனக்கு என்ன தெரியும் என்பது போலப் பார்ப்பார்.

அதற்கு முந்தின வருஷம் ஆகஸ்ட் வாக்கில் மில்காரர்கள் எங்கிருந்தோ மலிவாக நூல் வாங்கிப் போட்டார்கள். கையில் எடுத்தால் சேமியா போல உடைந்தது. தறிக்குத் தறி அறுந்தது. அவர் எத்தனை தடவைதான் நிறுத்துவார். செப்டம்பரிலிருந்து அவர் துணியிலும் குறை விழ ஆரம்பித்தது. மாதா மாதம் சம்பளத்தில் பெரிய துண்டாகப் பிடித்தார்கள். மாதா மாதம் துணி வீட்டுக்குப் போனது.

வீட்டில் அந்தத் துணிக்கு நல்ல வரவேற்பு இருந்தது. அவர் மனைவி ஃபாத்திமாவிடம் கடனில் வாங்கிய ஒரு தையல் மெஷின் உண்டு. குறையை உள்மடிப்பிலும் பைக்கு அடியிலும் மறைத்துச் சட்டையாகத் தைத்து, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சர்ச் சுவர் ஓரமாகப் பரப்பி விற்பாள். அந்தச் சந்தில் மில் தொழிலாளிகளின் மனைவிகள் பலருக்கும் இதுதான் வியாபாரம். ஆனால் ஃபாத்திமா அக்காவின் கைவேலை தனி. சம்பளத்தில் போனதில் முக்கால்வாசியைச் சட்டையில் எடுத்துவிடுவாள். சில மாதம் அதற்கு மேலும் எடுத்திருக்கிறாள்.

இதில் ரெமிஜியஸுக்கு என்ன கஷ்டம் என்று எனக்கு முதலில் புரியவில்லை. ஷிஃப்ட் முடிந்து மில் வாசல் டீக்கடையில் நின்றபோது அவராகவே சொன்னார். போன ஞாயிறு பூசையில் முழந்தாள் போட்டிருக்கிறார். முன்வரிசையில் ஒரு ஆள். அவன் முதுகில் இழை அறுந்த கோடு ஒன்று தோள்பட்டையிலிருந்து இடுப்புவரை ஓடுகிறது. அது எந்த ராத்திரி எந்தத் தறியில் விழுந்தது என்று இவருக்குத் தெரியும். அதற்குப் பிறகு ஜெபம் சொல்ல முடியவில்லை. திவ்ய நன்மை வாங்க எழுந்து போகும் வழியில் பார்த்தால் இன்னும் இரண்டு பேர்.

பக்கத்தில் நின்ற டொமினிக் கேட்டுக்கொண்டே இருந்தான். அவனும் அதே சந்துக்காரன், அவனும் நெசவாளி. “பேஜார் படாதே ரெமி. ஏசு ஒருத்தர் எல்லார் பாவத்தையும் சுமந்தாரு. உன் பாவத்தை நம்ம பங்கு சனமே பிரிச்சுச் சுமக்குது” என்றான்.

டீக்கடைக்காரர்கூடச் சிரித்தார். ரெமிஜியஸ் டீயைப் பாதியில் வைத்துவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவருக்கு வேண்டியது பணம் இல்லை என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்தது. தான் மோசமான நெசவாளி இல்லை என்று யாராவது ஒரு பெரிய இடத்தில் சொல்ல வேண்டும். அதுதான் அவருக்கு வேண்டியது. அதற்கு நான் காட்டிய வழி, சம்பளப் பட்டுவாடாச் சட்டம்.

அவென்யூ ரோட்டில் பழைய புத்தகக் கடையில் அதன் மெலிதான பிரதி ஒன்று கிடைத்தது. படித்து அவருக்குச் சொன்னேன். சம்பளத்தைக் காசாகவோ நோட்டாகவோதான் கொடுக்க வேண்டும், துணியாகக் கொடுக்கக் கூடாது. எதற்கெல்லாம் பிடிக்கலாம் என்று சட்டம் வரிசையாகச் சொல்கிறது. அதில் இல்லாத பிடித்தம் செல்லாது. அபராதம் போடலாம், ஆனால் எந்தத் தப்புக்கு அபராதம் என்று முன்னாலேயே அனுமதி வாங்கிப் பலகையில் ஒட்டியிருக்க வேண்டும். அதுவும் ரூபாய்க்கு அரையணாவுக்கு மேல் போகக் கூடாது. தப்பாகப் பிடித்தால் ஆறு மாதத்துக்குள் அதற்கென்று நியமித்த அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம். தொழிலாளி தானாகச் சட்ட உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அந்தக் கையெழுத்து செல்லாது. பிடித்த பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்வதோடு, அதில் பத்து மடங்குவரை நஷ்ட ஈடும் அதிகாரி விதிக்கலாம்.

பத்து மடங்கு என்றதும் டொமினிக் வாயைப் பிளந்தான். மறுநாள் வந்து தான் மனுவில் சேரவில்லை என்றான். மற்றவர்களும் அதையேதான் சொன்னார்கள். மில்காரனுக்குப் பயம் என்பது ஒரு காரணம். வீட்டில் விடமாட்டேன் என்கிறாள் என்பது பெரிய காரணம். துணி நின்றுபோனால் சுவர் ஓரத்து வியாபாரம் நின்றுபோகும். யூனியன் செயலாளரும் இது தனி ஆள் விவகாரம் என்று ஒதுங்கிக்கொண்டார்.

மனுவை நான் எழுதி எடுத்துக்கொண்டு, காலையில் ஷிஃப்ட் முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போனேன். ரெமிஜியஸ் குளிக்கப் போயிருந்தார். ஃபாத்திமா அக்கா மெஷினை நிறுத்தாமலே பேசினாள்.

“காலேஜையே முடிக்காத சாமி என் வீட்டுக்காரர் கேஸை முடிக்கப் போவுதா?”

சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்று சொன்னேன். ஜெயித்தால் சம்பளம் முழுசாக வரும், துணியை விற்றுத்தான் அதை மீட்க வேண்டும் என்ற கட்டாயம் இருக்காது என்றேன்.

“சம்பளம் அவர் கையில வரும். துணி என் கையில வருது. உனக்கு வித்தியாசம் தெரியல இல்ல? இன்னும் கல்யாணம் ஆவல.”

அவள் மெஷினை நிறுத்தினாள். கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி இன்னொன்று சொன்னாள். கிறிஸ்துமஸுக்குக் கோயில் பாட்டுக்காரர்களுக்குச் சட்டை தைக்கும் ஆர்டர் அவளுக்கு வந்தது. கோடு போட்ட துணி வேண்டும் என்று கேட்டார்கள். கடையில் வாங்கினால் கட்டுப்படியாகாது. அவள் புருஷனை நச்சரித்தாள். மில்லில் நவம்பர் டிசம்பரில் பலரும் செய்வதுதான். வீட்டில் துணி கேட்டால் தறியில் ஒரு குறையை விட்டுவிடுவார்கள், துணி தானாக வீட்டுக்கு வந்துவிடும். ரெமிஜியஸ் ஆயுசில் அதைச் செய்ததில்லை. அந்த ஒரு தடவை செய்தார். ஒரே ஒரு பீஸ் துணி. அதிலும் கண்ட இடத்தில் குறையை விடாமல், ஒரே அளவு தள்ளித் தள்ளி வரிசையாகக் கோடு விழும்படி நெய்துவிட்டார். துணியைப் பார்த்து மடிக்கும் டிபார்ட்மெண்டில் குறை என்று தள்ளி அவர் கையிலேயே கொடுத்தார்கள். சர்ச்சில் எல்லோரும் நல்ல டிசைன் என்றார்கள்.

“அதைப் பத்திக் கேட்டா என்னா சொல்லுவே?” என்றாள்.

வேண்டுமென்றே துணியைக் கெடுத்தால் வேலையை விட்டு நீக்கலாம். அதற்கு எந்தச் சட்டமும் குறுக்கே வராது. டிசம்பரை விட்டுவிட்டு மனுப் போடலாமா என்று யோசித்தேன். ஒரு மாதத்தை மட்டும் விட்டால் ஏன் விட்டாய் என்று கேள்வி வரும். ரெமிஜியஸ் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார். அவரிடம் நேராகவே சொன்னேன். சத்தியம் பண்ணிவிட்டுப் பொய் சொல்ல வேண்டாம். ஆனால் கேட்காததைச் சொல்ல வேண்டாம். மில்லில் யாருக்கும் அது தெரியாது. யாரும் கேட்கப் போவதில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், வேலை இருக்கும்.

சரி என்றார். கையெழுத்துப் போட்டார்.

விசாரணை ஜூன் மாதம் வந்தது. கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பழைய பங்களாவில் ஆபீஸ். அதிகாரி கன்னடக்காரர், அமைதியான மனிதர். பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றி ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார். நான் வக்கீல் இல்லை, யூனியன்காரனும் இல்லை. இருந்தாலும் அதிகாரி அனுமதித்தால் யார் வேண்டுமானாலும் தொழிலாளிக்காகப் பேசலாம் என்று சட்டத்தில் இருந்தது. அனுமதி கேட்டேன், கொடுத்தார். ரெமிஜியஸ் தமிழில் சொல்வதை நான் இங்கிலீஷில் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு.

மில்லுக்கு வந்த வக்கீல் வெங்கடசுப்ரமணியன். மல்லேஸ்வரத்துக்காரர். என் அப்பா மைசூர் சர்க்காரில் குமாஸ்தாவாக இருந்தபோது பழக்கம். வராந்தாவில் என்னைப் பார்த்ததும் நின்றார்.

“நீ சேஷகிரியோட பிள்ளைதானே? ஒழுங்காப் படிச்சிருந்தா இன்னிக்கு என் பக்கத்துல ஜூனியரா நின்னிருப்பே. இப்பப் பாரு, எதிர்ல நிக்கறே, அதுவும் தூங்காம.”

கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கு உண்மையாகவே வருத்தம் போலத் தெரிந்தது. அது இன்னும் மோசமாக இருந்தது.

அவருடைய வாதம் சுருக்கமானது. இது பிடித்தமே இல்லை, விற்பனை. மில் துணியை விற்றது, மனுதாரர் வாங்கினார், விலையைச் சம்பளத்தில் கழித்துக்கொண்டார்கள். பிடிக்காமல் வாங்கியிருந்தால் அதைச் சட்டையாகத் தைத்து லாபத்துக்கு விற்பார்களா? இதைக் காட்ட நாலைந்து சட்டைகளை மேசைமேல் வைத்தார். மில் வாட்ச்மேனை அனுப்பி ஞாயிற்றுக்கிழமை சர்ச் சுவர் ஓரத்திலும் சந்திலும் வாங்கி வந்தவை. பீஸின் முனையில் மில் முத்திரையும் தறி எண்ணும் தேதியும் இருக்கும். ஃபாத்திமா அக்கா அந்த முனையை வெட்டி எறியாமல் சட்டையின் உள்மடிப்பில் சேர்த்துத் தைத்திருந்தாள். ஒரு விரல் துணியை வீணாக்க அவளுக்கு மனம் வராது.

நான் எழுந்து சொல்ல வேண்டியதைச் சொன்னேன். வேண்டாம் என்று சொல்ல முடியாத இடத்தில் நடப்பது விற்பனை இல்லை. பிப்ரவரியில் இவர் வேண்டாம் என்றார், தோளில் போட்டார்கள். சம்பளத்தைத் துணியாகக் கொடுக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. அந்தத் துணியை வைத்து அவர் மனைவி உழைத்துச் சம்பாதித்தால் அது மனைவியின் உழைப்பு. அதைக் காட்டி மில் தன் தப்பைச் சரிக்கட்ட முடியாது. அதிகாரி எழுதிக்கொண்டார். ஒரு இடத்தில் தலையை ஆட்டினார். ஜெயித்துவிட்டோம் என்று எனக்குத் தோன்றியது. வெங்கடசுப்ரமணியனுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும்.

அதனால் அவர் வேறு பக்கம் திரும்பினார். சட்டம் எப்படியோ இருக்கட்டும், பத்து மடங்கு நஷ்ட ஈடாவது விழாமல் பார்க்க வேண்டும். மனுதாரர் கவனம் இல்லாத நெசவாளி, மில் அவரை நீக்காமல் வைத்திருப்பதே கருணை என்று காட்ட ஆரம்பித்தார். ஒரு சட்டையை எடுத்து விரித்தார். இழை அறுந்த கோட்டில் விரலை வைத்து, இது உன் வேலையா என்றார்.

ரெமிஜியஸ் ஆமாம் என்றார். நூல் சரியில்லை என்றும் சொன்னார். நான் அதை இங்கிலீஷில் சொன்னேன். அதிகாரி எழுதினார்.

அடுத்த சட்டை. இது உன் வேலையா? ஆமாம். நூல்தான் காரணமா? ஆமாம். எல்லாவற்றுக்கும் நூலா? ரெமிஜியஸ் மேசைமேல் கிடந்த சட்டையைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். மில் குமாஸ்தா ஒருவன் ஓரத்தில் உட்கார்ந்து புன்னகை செய்துகொண்டிருந்தான்.

கடைசியாக ஒரு சட்டையை எடுத்தார். கோயில் பாட்டுக்காரர் சட்டை. மார்பிலும் முதுகிலும் குறுக்கே கோடு கோடாக இருந்தது. உள்மடிப்பைத் திருப்பித் தேதியைப் படித்தார். டிசம்பர்.

“இதைப் பாருங்கள். ஒரு கஜத்தில் எத்தனை குறை! தறியை முதல் நாள் தொட்டவன்கூட இப்படிக் கெடுக்க மாட்டான். கிறிஸ்துமஸ் சமயம் அல்லவா, கொஞ்சம் உள்ளே போயிருக்கும். கை நடுங்கியிருக்கும்.”

குமாஸ்தா வாய்விட்டுச் சிரித்தான். அதிகாரியின் முகத்திலும் லேசாகச் சிரிப்பு வந்து போனது.

வக்கீலுக்கு எதுவும் தெரியாது. அவர் கேள்விகூடக் கேட்கவில்லை. ரெமிஜியஸ் தலையைக் குனிந்து நின்றிருந்தால் அடுத்த நிமிஷம் வக்கீல் உட்கார்ந்திருப்பார்.

ரெமிஜியஸ் என்னைப் பார்க்கவில்லை. அதிகாரியைப் பார்த்தார். தமிழில் பேசியிருந்தால் நான் எப்படியாவது மழுப்பி மொழிபெயர்த்திருப்பேன். அவர் நேராக அதிகாரியிடம் கன்னடத்தில் பேசினார். பெங்களூரில் பிறந்து வளர்ந்தவர், கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. என்னை நடுவில் வைக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

அவர் சொன்னது இதுதான். “ஐயா, அது குறை இல்லை. அது நான் வேண்டுமென்று நெய்தது. கை நடுங்கினவன் நெய்தால் இப்படி வராது. கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் அளந்து பாருங்கள். ஒரு நூல்கூட வித்தியாசம் இருக்காது.”

அதிகாரியின் பேனா நின்றது. நான் எழுந்து, மனுதாரருக்கு உடம்பு சரியில்லை, இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டு நேராக வந்திருக்கிறார் என்று ஏதோ சொன்னேன். யாரும் கேட்கவில்லை. வெங்கடசுப்ரமணியன் சட்டையை மெதுவாக மேசைமேல் வைத்தார். குரலைக்கூட உயர்த்தவில்லை. வேண்டுமென்றா, எப்படி என்று ஆர்வத்தோடு கேட்டார். ரெமிஜியஸ் சொல்ல ஆரம்பித்தார். நீளவாக்கில் ஓடும் பாவு இழைகளை இறுக்கிப் பிடிக்கும் எடையை எப்போது தூக்க வேண்டும், எப்போது மறுபடி வைக்க வேண்டும், ஓடுகிற தறியில் அதை நிதானம் தவறாமல் ஒரு ராத்திரி முழுக்கச் செய்வது எவ்வளவு கஷ்டம், மில்லில் வேறு யாராலும் முடியுமா என்று மேஸ்திரியைக் கேட்டுப் பாருங்கள் என்றெல்லாம் சொன்னார். வக்கீல் ஒரு இடத்தில்கூடக் குறுக்கிடவில்லை. அதிகாரி எல்லாவற்றையும் எழுதினார். அத்தனை மாதத்தில் ரெமிஜியஸ் முகம் தெளிவாக இருந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று அதிகாரி என்னைக் கேட்டார். இந்த மனு பிடித்தத்தைப் பற்றியது, துணி எப்படிக் கெட்டது என்பதைப் பற்றியது இல்லை என்றேன். சரிதான் என்றார் அவர்.

வராந்தா பெஞ்சில் ஃபாத்திமா அக்கா உட்கார்ந்திருந்தாள். அவளைச் சாட்சியாகக் கூப்பிடுவார்கள் என்று பயந்து வந்திருந்தாள். கூப்பிடவில்லை. ரெமிஜியஸ் சைக்கிளை எடுக்கப் போனார். நான் அவளிடம் உள்ளே நடந்ததைச் சொன்னேன். அழுவாள் அல்லது என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

“அளந்து பாக்க வேற சொன்னாரா?” என்றாள்.

ஆமாம் என்றேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். தையல் மெஷின்மேல் இருந்த கடனை இனி யார் கட்டுவது என்று கேட்டாள். என்னிடம் கேட்டாளா, தனக்குத்தானே கேட்டுக்கொண்டாளா தெரியவில்லை.

உத்தரவு ஜூலையில் வந்தது. மனு வென்றது. துணிக்காகப் பிடித்தது சட்டத்தில் அனுமதி இல்லாத பிடித்தம், முழுவதையும் திருப்பிக் கொடுக்க வேண்டும், டிசம்பர் பீஸுக்குப் பிடித்ததும் இதில் சேரும். அதற்காக மில் வேறு நடவடிக்கை எடுக்கலாமே தவிரச் சம்பளத்தில் கைவைக்க முடியாது. நஷ்ட ஈடாகப் பத்து மடங்கு இல்லை, கொஞ்சம் விதித்திருந்தார். சட்டப்படி நான் எழுதியது ஒவ்வொன்றும் சரி. அந்த உத்தரவை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய்க் காட்டலாம்.

ரெமிஜியஸ் அதைத் தமிழில் படிக்கச் சொன்னார். முடித்ததும் மறுபடி படிக்கச் சொன்னார். நூல் மோசம் என்று எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டார். இல்லை என்றேன். நான் நல்லபடியாக நெய்கிறவன் என்று? அதுவும் இல்லை. அவருடைய வேலையைப் பற்றி உத்தரவில் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. ஒரு பீஸை வேண்டுமென்றே கெடுத்ததாக மனுதாரரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

நான் தடுத்தும் கேட்காமல் அதிகாரியைப் பார்க்கப் போனார். கூடவே போனேன். அதிகாரி உட்காரச் சொன்னார். மரியாதையாகத்தான் பேசினார். பிடித்தம் சட்டப்படி நடந்ததா இல்லையா, அது ஒன்றைத்தான் தான் பார்க்க முடியும், துணி நன்றாக இருந்ததா, யார் தப்பால் கெட்டது என்று தீர்ப்புச் சொல்லத் தனக்கு அதிகாரம் இல்லை என்றார். “உங்களுக்கு வர வேண்டியது வந்துவிட்டதே” என்றும் சொன்னார். ரெமிஜியஸ் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

ஆகஸ்டில் மில் அவருக்குக் குற்றப்பத்திரிகை கொடுத்தது. விசாரணை என்று ஒன்று நடத்தினார்கள். வேண்டுமென்று செய்ததாகச் சத்தியம் பண்ணிச் சொல்லியிருக்கிறாயே என்று உத்தரவின் நகலையே காட்டினார்கள். வேலை போயிற்று. எதிர்த்து வழக்குப் போடலாம், ஆனால் அதற்கு யூனியன் வேண்டும். யூனியன் வரவில்லை.

அதற்குள் மில் பலகையில் அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள். குறைத்துணியை இனி நெய்தவனுக்குக் கொடுப்பதில்லை, கடையில் மட்டும் விற்பார்கள். குறைக்கு அபராதம் உண்டு, ரூபாய்க்கு அரையணாவுக்கு மேல் இல்லை. எல்லோருக்கும் சம்பளம் கூடிற்று. ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ரெமிஜியஸுக்காக ஒரு மகஜர் எழுதிக் கையெழுத்து வாங்கலாம் என்று டொமினிக்கிடம் போனேன்.

“எங்களுக்கு நல்லதுதான் பண்ணிட்டாரு. இல்லேன்னு சொல்லல. அதை என் பொண்டாட்டிகிட்ட வந்து நீ சொல்லு பாக்கலாம்” என்றான். “சுவத்தோரம் இப்ப நாய் தூங்குது. ஃபாத்திமாவைப் பார்த்தா ஒருத்தியும் பேசறதில்ல.”

மகஜரில் என் கையெழுத்து மட்டும் இருந்தது. அதை நான் கொடுக்கவில்லை.

பிறகு சில மாதம் அவரைப் பார்க்கவில்லை. கப்பன்பேட்டையில் ஒரு விசைத்தறிக் கொட்டகையில் சேர்ந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு ஒரு நாள் காலையில் போனேன். வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட இடம். தறிச் சத்தத்தில் காது அடைத்தது. முதலாளி வேண்டுமென்றே ஆள் எண்ணிக்கையைப் பத்துக்குக் கீழே வைத்திருந்தான். அதற்கு மேல் போனால் ஃபாக்டரி ஆகிவிடும், சட்டம் உள்ளே வந்துவிடும். இப்போது எந்தச் சட்டமும் கிடையாது. என்னுடைய மெலிந்த புத்தகத்துக்கு அந்தக் கொட்டகையில் வேலை இல்லை.

ரெமிஜியஸ் என்னைப் பார்த்ததும் தறியை நிறுத்திவிட்டு வெளியே வந்தார். இளைத்திருந்தார். ஃபாத்திமா அக்கா மெஷினைக் கொடுத்துவிட்டாள், ஒரு கான்வென்டில் துணி துவைக்கப் போகிறாள் என்றார். அவள் இன்னும் சரியாகப் பேசுவதில்லை என்பதையும் சொன்னார். இங்கே எப்படி, சம்பளத்தில் பிடிக்கிறானா என்று கேட்டேன்.

“பிடிக்கிறான் சாமி. மில்லைவிட ஜாஸ்தியாவே பிடிக்கிறான்” என்றார். “ஆனா துணியை அவனே வெச்சுக்கறான். பூசைக்குப் போனா எவன் முதுகும் கண்ணுல படல.”

பீடியைப் பற்ற வைத்துப் பாதி இழுத்தார். உள்ளே யாரோ கன்னடத்தில் அவரைக் கூப்பிட்டார்கள். மிச்சத்தைச் சுவரில் அணைத்துக் காதில் செருகிக்கொண்டு உள்ளே போனார்.